சிக்னலில் நின்றால் போனை எடுக்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. நியூ ஜெர்சி எடிசனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். 1998ல் ஒய்டுகே (2000ம் ஆண்டு கம்ப்யூட்டர் தேதிக் கோளாறு) வேலைக்காக வந்தேன், 2009ல் வேலை போனது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு பேரலல் பார்க்கிங் சொல்லிக்கொடுக்கப் போய், அதுவே பிழைப்பாகிவிட்டது. போன இதழில் "காரும் செல்போனும் பற்றிக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "எனக்கு டிக்கெட் (போலீஸ் அபராதச் சீட்டு) கொடுத்தது நியாயமா சார்?" என்ற ரகம். நியாயம்தான் என்று மொத்தமாக ஒரே பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஆசிரியர் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறாரே!

ச.ரா., எடிசன்: கார் ஓடவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு 'ஓகே' போட்டேன். பின்னாலிருந்து சைரன். நிற்கும் வண்டியில் என்ன ஆபத்து?

உங்கள் கேள்வியை 2012ல் நான் நீதிபதியிடமே கேட்டேன். ஓக் ட்ரீ ரோட்டில் சிக்னலில் நிற்கிறேன், இரவு எட்டரை மணி. கும்பகோணத்தில் அப்போது காலை ஆறு. அம்மா போன். அம்மாவுக்கு அவசரம் எதுவும் கிடையாது. பால் வந்ததும் எனக்கு போன் போடுவது அவர் வழக்கம். எடுத்து, "அம்மா, அப்புறம் பேசறேன்" என்றேன். அந்த மூன்று வார்த்தைக்கு 100 டாலர், கோர்ட் செலவு தனி. "சாலையில் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்து, பச்சை விழக் காத்திருப்பதும் ஓட்டுவதுதான்" என்றார் நீதிபதி. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது. பச்சை விழுந்து, பின்வண்டி ஹாரன் அடித்து, நிமிர்ந்து பார்க்காமலேயே பிரேக்கை விடுகிறோமே, அந்த நேரத்தில் குறுக்கே நடப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது.

இப்போது தொகை ஏறிவிட்டது. 2014 ஜூலையிலிருந்து நியூ ஜெர்சியில் முதல் தடவைக்கு 200 முதல் 400 டாலர், இரண்டாம் தடவைக்கு 400 முதல் 600, மூன்றாம் தடவைக்கு 600 முதல் 800. மூன்றாவதில் லைசென்ஸில் மூன்று பாயின்ட் (தவறுக்குப் போடும் கெட்ட மதிப்பெண்) சேரும். லைசென்ஸை 90 நாள் நிறுத்திவைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நெருப்பு, விபத்து, உயிர் பயம் போன்றவற்றுக்கு போன் செய்யலாம். அப்போதும் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். 'ஓகே' அந்தப் பட்டியலில் இல்லை.

பக்கத்து மாநிலங்களிலும் தப்ப முடியாது. நியூயார்க் சட்டம் சிக்னலில் நிற்பதையும் நெரிசலில் நிற்பதையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது, ஐந்து பாயின்ட் விழும். பென்சில்வேனியாவில் 2025 ஜூன் 5 முதல் அதே கதை. முதல் ஓராண்டு எச்சரிக்கைச் சீட்டு மட்டும், அதற்குப் பிறகு 50 டாலர். அந்தச் சட்டத்துக்கு பால் மில்லர் சட்டம் என்று பெயர். 2010ல் போனை எட்டி எடுக்கப் போன ஒரு லாரி டிரைவரால் உயிரிழந்த இளைஞரின் பெயர் அது. சட்டம் வரும்வரை அவருடைய அம்மா பல வருடம் சட்டமன்றப் படி ஏறி இறங்கினார்.

வி.கி., சன்னிவேல்: போனில் பேசவும் இல்லை, டைப் செய்யவும் இல்லை. கையில் பிடித்து மேப் மட்டும் பார்த்தேன். அதுவும் குற்றமா?

ஆமாம். உங்கள் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

கலிஃபோர்னியா 2008ல் போனைக் கையில் பிடித்துப் பேசத் தடை போட்டது, 2009ல் டெக்ஸ்ட் அனுப்ப. ஃப்ரெஸ்னோவில் நெரிசலில் மாட்டிய ஒருவர், வேறு வழி இருக்கிறதா என்று போனில் மேப் பார்த்தார், டிக்கெட் வாங்கினார். மனிதர் விடவில்லை, மேல்முறையீடு போனார். 2014ல் ஜெயித்தும் விட்டார். சட்டம் தடுப்பது பேசுவதைத்தான், மேப் பார்ப்பதை அல்ல என்றது கோர்ட். ஊரெல்லாம் கொண்டாட்டம்! அடுத்து சட்டமன்றம் சும்மா இருக்குமா? 2017 ஜனவரி முதல் புதுச் சட்டம்: போன் ஹோல்டரில் இருக்க வேண்டும், விரலால் ஒரே ஒரு தட்டு அல்லது ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

அப்படியும் "நான் தட்டவில்லை, பார்த்தேன்" என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. உங்கள் சான்டா கிளாரா கவுண்டி வழக்கிலேயே 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் மூடிவிட்டது. கையில் பிடித்துப் பார்ப்பதும் போனை இயக்குவதுதான் என்று தீர்ப்பு.

ஹோல்டரை எங்கே ஒட்டுவது என்பதற்கும் அங்கே அளவு உண்டு. முன் கண்ணாடியில் டிரைவருக்குத் தள்ளி இருக்கும் கீழ் மூலையில் ஏழு அங்குலச் சதுரம், அல்லது டிரைவர் பக்கக் கீழ் மூலையில் ஐந்து அங்குலச் சதுரம். டேஷ்போர்டிலும் நடுக் கன்சோலிலும் வைக்கலாம். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு நட்டநடுவில் ஒட்டுகிறார்களே, அது கூடாது. முதல் தடவைக்கு அடிப்படை அபராதம் 20 டாலர்தான் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அதன்மேல் கவுண்டி, கோர்ட் என்று ஆளாளுக்கு ஏற்றி 100 டாலரைத் தாண்டிவிடும். 36 மாதத்துக்குள் இரண்டாவது என்றால் பாயின்ட்டும் உண்டு. பாயின்ட் வந்தால் இன்சூரன்ஸ்காரர் மூன்று வருடம் உங்களை மறக்க மாட்டார்.

ந.சு., ஃப்ரிஸ்கோ: நியூ ஜெர்சியில் பத்து வருடம் இருந்துவிட்டு டெக்சாஸ் வந்தோம். இங்கே எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஒரே நாடு, ஏன் இத்தனை சட்டம்?

சாலை விதி இங்கே மாநிலங்களின் கையில். வாஷிங்டன் டி.சி.யில் இருக்கும் மத்திய அரசு அதிகபட்சம் தன் ஊழியர்களுக்கும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி, பஸ் டிரைவர்களுக்கும்தான் உத்தரவு போட முடியும். போட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தந்த மாநிலம் வைத்ததே சட்டம். போனைக் கையில் பிடிப்பதை முதலில் தடுத்தது நியூயார்க், 2001ல். டெக்ஸ்ட் அனுப்புவதை முதலில் தடுத்தது வாஷிங்டன் மாநிலம், 2007ல். மொன்டானாவில் மாநிலம் முழுவதற்குமான தடை எதுவும் இன்றுவரை இல்லை. நான் அந்தப் பக்கம் போனதில்லை. போனவர்கள், பேசலாம் என்றாலும் சிக்னல் கிடைக்காது என்கிறார்கள்.

உங்கள் டெக்சாஸ் கதை சுவாரஸ்யமானது. 2011ல் சட்டமன்றம் நிறைவேற்றிய தடையை கவர்னர் ரிக் பெரி ரத்து செய்தார். வளர்ந்த மனிதர்களின் நடத்தையில் அரசு இவ்வளவு நுணுக்கமாகத் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். ஆறு வருடம் கழித்து, 2017 செப்டம்பர் 1ல்தான் தடை அமலுக்கு வந்தது. அதுவும் மெசேஜ் படிப்பது, எழுதுவது, அனுப்புவது மட்டும். வண்டி நின்றிருந்தால் குற்றமில்லை. முதல் தடவைக்கு அபராதம் 25 முதல் 99 டாலர். ஆனால் மெசேஜ் அனுப்பிக்கொண்டே ஓட்டி யாராவது இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ 4,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் போனைக் கையில் பிடிக்கவே கூடாது என்று தனி விதி வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடப் பகுதியில் மாநிலம் முழுக்கவே கூடாது. ஃப்ரிஸ்கோவிலிருந்து பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் பார்க்கப் போகிறவர், பேசிக்கொண்டே ஆஸ்டினுக்குள் நுழைந்தால் அங்கே டிக்கெட் காத்திருக்கும்.

நயாகரா போகிறோம், ஸ்மோக்கி மலை போகிறோம் என்று நாலு மாநிலம் தாண்டுகிற குடும்பங்களிடம் நான் சொல்வது, வழியில் இருப்பவற்றில் எது கறாரான மாநிலமோ அதன் சட்டத்தோடு வீட்டு வாசலிலிருந்தே கிளம்புங்கள் என்பதுதான். எல்லைப் பலகை பார்த்து போனைக் கீழே வைக்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பெயர் வேண்டாம், பார்சிப்பனி: என் கணவர் ஆபீஸிலிருந்து வரும் நேரத்தில் "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று மெசேஜ் போடுவேன். ஓட்டிக்கொண்டே பதிலும் போடுவார். ஏதாவது ஆனால் மெசேஜ் போட்ட என்னையும் பிடிப்பார்கள் என்று தோழி பயமுறுத்துகிறாள். உண்மையா?

இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். உங்கள் தோழி பாதி சரி.

வழக்கு நடந்ததே உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மோரிஸ் கவுண்டியில். 2009 செப்டம்பர். மோட்டார் சைக்கிளில் கணவனும் மனைவியும் வருகிறார்கள். எதிரே பிக்கப் வண்டியில் 18 வயதுப் பையன். நடுக்கோட்டைத் தாண்டி வந்து மோதினான். இருவருக்கும் இடது கால் போனது. போன் பதிவை எடுத்துப் பார்த்தால், அவனும் 17 வயதுத் தோழியும் அன்று ஒரே நாளில் 62 மெசேஜ் பரிமாறியிருக்கிறார்கள். அவன் கடைசியாக ஒரு மெசேஜை அனுப்பியதற்கும், விபத்துக்குப் பின் அவசர உதவி எண் 911க்கு போன் செய்ததற்கும் நடுவில் 17 நொடி.

காயப்பட்ட தம்பதி அந்தப் பெண் மேலும் வழக்குப் போட்டார்கள். 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவளை விட்டுவிட்டது. அவன் ஓட்டிக்கொண்டே படிப்பான் என்று அவளுக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது காரணம். ஆனால் விடும்போது ஒன்று சொல்லிவைத்தது. வாங்குகிறவர் ஓட்டும்போதே அதைப் பார்ப்பார் என்று அனுப்புகிறவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்கத் தனிக் காரணம் இருந்தால், அனுப்பியவரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாகலாம். போலீஸ் வந்து உங்களைப் பிடிக்காது. சிவில் வழக்கில் இழுக்கப்படலாம்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். "ஓட்டிக்கொண்டே பதிலும் போடுவார்" என்று நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றது நல்ல யோசனை.

நான் பாடம் நடத்தும்போது பார்க்கிறேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் நாலு போன். "கிளம்பிட்டியா?" "எங்க இருக்க?" "ஏன் எடுக்கல?" அடித்துக்கொண்டே இருந்தால் என்னமோ ஏதோ என்று அந்தப் பெண்ணின் கண் பைக்குள் போகிறது. நம் வீடுகளில் போனை எடுக்காமல் இருப்பது ஒரு குற்றம். எடுக்காவிட்டால் கோபம், இரண்டு தடவை எடுக்காவிட்டால் பயம், மூன்றாவது தடவை மாமியாரிடம் புகார். ஓட்டுகிறவர் எடுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கணவர் எப்போது கிளம்புவார் என்று தெரியும் அல்லவா? கொத்தமல்லியை அதற்குப் பத்து நிமிடம் முன்னால் நினைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் அன்று ரசம் கொத்தமல்லி இல்லாமல் இருக்கட்டும்.

ம.க., அட்லாண்டா: போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டால்? கையில் இல்லையே!

உங்கள் ஜார்ஜியா சட்டம் எழுதியவர் நம் ஊர்ப் பக்கம் வந்துபோனவராக இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி, "சொல்லு மாப்ள" என்று கத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பார். 2018 ஜூலை முதல் அங்கே உடம்பின் எந்தப் பாகத்தாலும் போனைத் தாங்கக் கூடாது. தொடை, மடி, தோள் எல்லாம் அடக்கம். முதல் தடவை 50 டாலர், ஒரு பாயின்ட். ஒரு சலுகை இருக்கிறது: முதல் தடவை மாட்டியவர் ஹேண்ட்ஸ்ஃப்ரீ சாதனம் வாங்கி, ரசீதோடு கோர்ட்டுக்குப் போனால் விட்டுவிடுவார்கள். போய் ஒரு ஹோல்டர் வாங்குங்கள்.

ஜெ., ஜெர்சி சிட்டி: நிறுத்திய போலீஸ்காரர் "போனைக் காட்டு" என்றால் கொடுக்க வேண்டுமா?

லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் உடனே கொடுங்கள். போனுக்குள் இருப்பதைப் பார்க்க வாரன்ட் வேண்டும். கைது செய்யப்பட்டவரின் போனுக்குக்கூட அப்படித்தான் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நீங்களாகவே சம்மதித்துக் கொடுத்தால் அது வேறு. "மன்னிக்கவும் ஆபீஸர், எனக்கு விருப்பமில்லை" என்று மெதுவாகச் சொன்னால் போதும். கை ஸ்டியரிங் மேலேயே இருக்கட்டும், சட்டம் படித்தவர் மாதிரிப் பேசவேண்டாம். விபத்து என்று வந்துவிட்டால் வாரன்ட் வாங்கிப் பதிவுகளை எடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன 17 நொடி பிறகு எப்படித் தெரிந்தது?

ர.வி., பிஸ்காட்டவே: போன் டிக்கெட் வாங்கினால் ஹெச்1பி வேலை விசா போய்விடுமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

சாதாரண போன் டிக்கெட் போக்குவரத்து மீறல், கிரிமினல் குற்றம் அல்ல. அதை ஆபத்தாக்குவது நாம்தான். டிக்கெட்டை டிராயரில் போட்டுவிட்டு ஊருக்குப் போய், கோர்ட் தேதியைத் தவறவிட்டு, திரும்பி வரும்போது பேரில் வாரன்ட் இருப்பதைக் கண்டுபிடித்தவர் என் பழைய மாணவர் ஒருவர். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய ரசீதை பாஸ்போர்ட் மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். குடியேற்றப் படிவங்களில் கேட்டதற்கு உண்மை எழுதுங்கள். 2025 ஏப்ரலில் வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளை அரசு ரத்து செய்தபோது வெறும் போக்குவரத்து டிக்கெட் இருந்தவர்களும் மாட்டினார்கள் என்பதால், மாணவர் விசாவில் இருப்பவர்கள் என்னைக் கேட்காமல் குடியேற்ற வக்கீலைக் கேட்பது உத்தமம்.

செ.பா., செர்ரி ஹில்: மகனுக்கு 17 வயது, பிராபேஷனரி லைசென்ஸ் (புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகளோடு தருவது). புளூடூத்தில் பேசலாமா?

கூடாது. நியூ ஜெர்சியில் அந்தக் கட்டத்தில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் தடை. நீங்களே "எங்கடா இருக்க" என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

தி.மு., எடிசன்: புளூடூத்தில் பேசினால் சட்டப்படி சரிதானே? பிறகு ஏன் உங்கள் வகுப்பில் அதையும் வேண்டாம் என்கிறீர்கள்?

சட்டப்படி சரி. பெரியவர்கள் எல்லோருக்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைத் தடை செய்த மாநிலம் அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011லேயே அதையும் தடை செய்யச் சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஒருவேளை புளூடூத் மாட்டியிருந்தார்களோ என்னவோ. சட்டம் கையைப் பார்க்கிறது, ஏனென்றால் போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிவது கை. மனசு எங்கே இருக்கிறது என்று ரேடார் வைத்துப் பார்க்க முடியாது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்பவர் இதையே வருடக்கணக்கில் ஆராய்ந்தார். குரலால் போனை ஏவி முடித்த பிறகும் கவனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம் என்று 2015ல் வந்த ஆய்வு அவர் குழுவினுடையது. அந்த 27 நொடியில் ஓக் ட்ரீ ரோட்டில் சரவணபவன் வாசல் கூட்டம் மொத்தமும் குறுக்கே கடந்துவிடும். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் அவ்வளவு மோசமில்லை என்பதும் அவர்கள் கண்டதுதான். அவருக்கும் ரோடு தெரிகிறது, நெரிசல் வந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்கிறார். கும்பகோணத்தில் பால் வாங்கிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு ஓக் ட்ரீ ரோடு தெரியுமா?

என் அப்பா டவுன் பஸ் டிரைவர். அவர் தலைக்கு மேல் "ஓட்டுநருடன் பேசாதீர்" என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு, அப்பா வேலையில் இருக்கும்போது நம்மோடு பேசக்கூட அனுமதி இல்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

லோ., வுட்பிரிட்ஜ்: இவ்வளவு பேசுகிறீர்களே, இந்தப் பதில்களை எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்?

காரில்தான். மளிகைக்கடை வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு. நாலரை மணிக்கு வரவேண்டிய மாணவி இன்னும் வரவில்லை. அவரைக் கொண்டுவந்து விடுகிறவர் கணவர். இப்போதுதான் அவர் போனிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "சார், டிரைவ் பண்ணிட்டிருக்கேன், 5 மினிட்ஸ்." பதில் போடவில்லை.